மூக்கறுபட்ட கரடி

ஒரு காட்டில் இசக்கிமுத்து என்ற கரடி, தன் கூட்டாளி கோமதிநாயகத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அந்தப் புள்ளிமான் சிரித்துக்கொண்டிருந்தது. சிரிப்புக்குக் காரணம் கரடியின் மூக்கு.

அந்த மூக்கை நம்பித்தான் காடே தண்ணீர் குடித்தது. துறைக்குப் போகிற விலங்குகள் முதலில் கரடியின் குகைக்கு வரும். கரடி வாசலில் நின்று காற்றை இழுத்துப் பார்த்து, புலி இல்லை என்றால் அவை போகும். இருக்கிறது என்றால் தாகத்தோடு திரும்பும். இந்த ஏற்பாட்டால் சலித்துப்போன புலி, துறைப் பக்கம் வருவதையே விட்டிருந்தது. இதற்காகக் கரடிக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. காற்று சும்மாதானே வருகிறது என்று நினைத்தன.

கரடிக்கு மூக்கின் நடு எலும்பு வளைந்திருந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. பெண்சாதி பேச்சி அதை மரங்கொத்தி டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் எலும்பைத் தட்டி நிமிர்த்தி, இரண்டு துளையிலும் பஞ்சுத் திரியை அடைத்துக் கட்டுப் போட்டார். இனி என்னவெல்லாம் நடக்கும் என்பதையும் சொன்னார். முகம் வீங்கும், கண் திறக்காது. வாயால்தான் மூச்சு விட வேண்டும், தொண்டை காயும். தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். குனியக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். கொஞ்சம் ரத்தம் கசியும், பயப்பட வேண்டாம். பஞ்சை எடுக்கும்வரை வாசனை தெரியாது. எடுத்த பிறகும் மெல்லத்தான் வரும். நலம் விசாரிக்க வருகிறவர்களைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவப் படிப்பில் அது இல்லை.

பேச்சி மைனாவிடம் தகவல் சொல்லி அனுப்பினாள்: அவருக்கு மூக்கில் அறுவை நடந்திருக்கிறது, கொஞ்ச நாளைக்கு வாசனை பார்க்க முடியாது, துறைக்கு யாரும் போக வேண்டாம். மைனாவுக்கு நீளமான செய்தி பிடிக்காது. "கரடிக்கு மூக்கறுபட்டது" என்று மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டு போனது.

காட்டுக்கு உயிர் வந்தது. மூக்கறுபட்டது என்றால் அறுத்தவன் ஒருவன் இருக்க வேண்டுமே. அவன் யார், என்ன சொன்னான், எத்தனை பேர் முன்னால் சொன்னான்? தெரிந்துகொள்ள, சத்துமாவு டப்பாவும் ரொட்டிப் பொட்டலமுமாகக் குகை வாசலில் வரிசை நின்றது.

முதலில் காட்டுப்பன்றி பரமசிவம் உள்ளே வந்தது. கரடி மரியாதையாக "வாங்க மாமா" என்றது. மெல்லின எழுத்துகளுக்கு மூக்கு வேண்டும். மூக்கை அடைத்தால் அவை வல்லினமாகிவிடும். பன்றியின் காதில் "வாக்க பாபா" என்று விழுந்தது. ஆளுக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அவமானம் பெரிதுதான் என்று பன்றி முடிவுகட்டியது.

"சொல்லும்வே, யாரு அறுத்தது?"

"டாக்டர்."

"டாக்டர்கூடவா உம்மை மதிக்கல?"

மந்தி, கட்டுப் போட்ட முகத்தோடு தன் முகத்தைச் சேர்த்துச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டது. உடும்பு, தன் மச்சானுக்கும் இதே ஆபரேஷன்தான் என்று ஆரம்பித்து, மச்சானின் கருமாதிச் சாப்பாடு வரைக்கும் விவரித்தது. துறைக்குப் போகாதீர்கள் என்று கரடி ஒவ்வொருவரிடமும் கெஞ்சியது. அவை போய்க் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தன. புலிக்கு விஷயம் தெரியாததால் பிழைத்திருந்தன. மூக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம், பேச்சி கிழங்கு தோண்டப் போயிருந்த நேரத்தில், யாரோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கரடிக்குக் கண் திறக்கவில்லை, மூக்கும் உதவவில்லை. வந்தவர் யார் அறுத்தது என்று கேட்கவில்லை. தொண்டை காய்கிறதா என்று கேட்டார். தண்ணீரை எட்டும் இடத்தில் நகர்த்தி வைத்தார். தலைக்கடியில் இருந்த இலைக்கட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

"வாசனை ஏதாவது தெரியுதா அண்ணாச்சி?"

கரடிக்கு அழுகை வந்துவிட்டது. "ஒண்ணும் தெரியல தம்பி. நீங்க இவ்வளவு கிட்ட இருக்கீங்க, உங்க வாசனையே தெரியல."

அந்த அடைத்த பேச்சும் வந்தவருக்குப் புரிந்தது. பஞ்சை எப்போது எடுப்பார்கள் என்று அவர் கேட்டார். கரடி அதையும் சொன்னது. நன்றாக ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு அவர் போனார்.

பேச்சி திரும்பி வந்து வாசலிலேயே நின்றாள். "ஏங்க, இங்க யாரு வந்தது? புலித் தடமால்ல கிடக்கு."

அவள் ஓடிப்போய் எல்லோரிடமும் சொன்னாள். புலிக்குத் தெரிந்துவிட்டது, இனித் துறைப் பக்கம் தலைகாட்டாதீர்கள் என்றாள். விலங்குகளுக்கோ இத்தனை நாள் தேடிய விடை கிடைத்துவிட்டது. அறுத்தது புலி. புலியிடம் அவமானப்பட்டுவிட்டு, அந்த எரிச்சலில் அதன் பேரைக் கெடுக்கப் பார்க்கிறது கரடி என்று பன்றி விளக்கியது. வீடு தேடிப் போய் விசாரித்த புலியின் பெருந்தன்மையை எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு தண்ணீர் குடிக்கக் கிளம்பினார்கள்.

கோமதிநாயகம் மட்டும் போகிற வழியில் குகைக்குள் எட்டிப் பார்த்தது. கரடி வீங்கிய கண்ணைக் கீற்றாகத் திறந்துகொண்டு, எழுந்து வாசலுக்குத் தடுமாறி வந்து, "கோபதி, போகாதே" என்றது.

"கோபதியா? பேரு நல்லாத்தான்டே இருக்கு," என்று மான் சிரித்தது. "உன் மூஞ்சியும் நீயும். இரு, தண்ணி குடிச்சுட்டு வந்து மிச்சத்தைச் சிரிக்கேன்."

கரடி பின்னாலேயே ஓடப் பார்த்தது. கட்டு நனைந்து ரத்தம் வாய்க்குள் இறங்கியது. பேச்சி பிடித்து உட்காரவைத்தாள். மற்றவை துறையிலிருந்து ஓடித் தப்பின.

பஞ்சை உருவிய அன்று டாக்டர் மெதுவாக மூச்சை இழுக்கச் சொன்னார். கரடி இழுத்தது. பக்கத்தில் நின்ற பேச்சியின் வாசனைகூட வரவில்லை. துறைப் பக்கமிருந்து கோமதிநாயகத்தின் நாற்றம் வந்தது. கரடி அதைச் சொன்னது. டாக்டர் சிகிச்சை வெற்றி என்றார். செய்தி கேட்டுப் பன்றி ஓடி வந்து சந்தோஷம் தெரிவித்தது. வந்த கையோடு, துறையில் இன்றைக்குப் புலி உண்டா என்றும் கேட்டது.

நீதி: நோயாளியைப் பார்க்க வருகிறவர்களில், உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்கறையாகக் கேட்கிறவரை முதலில் வெளியே அனுப்பிவிட வேண்டும்.

துறையில் ஒரு ஜோடிக் கொம்பு கிடக்கிறது.