ஒன்றே கால் மூட்டைக் குதிரை

இங்கிலாந்தில் ஓடி முடித்து, வியர்வை காய்ந்து, தீனி தின்று, தூங்கியும் எழுந்துவிட்ட குதிரைகளில் எது ஜெயிக்கும் என்று அரியலூரில் உட்கார்ந்துகொண்டு மண்டையை உடைத்துக்கொண்ட ஒரே மனிதர் இந்த உலகத்திலேயே டெர்பி சார்தான். இதை மறுப்பவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதலாம். நான் பதில் போடமாட்டேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும். மற்ற நாளெல்லாம் டெர்பி சார். எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு சிமெண்ட் ஆலையில் கிளார்க். அவர் அங்கே ஸ்டோர் கீப்பர். ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த பிரம்மச்சாரி. மீசை கன்னங்கரேல் என்று இருக்கும். புருவம் மட்டும் சிமெண்ட் தூசியில் வெளுத்திருக்கும். முகத்தின் மேல்பாதியைப் பார்த்துப் பெரியவரே என்று கூப்பிடுவதா, கீழ்ப்பாதியைப் பார்த்துத் தம்பி என்று கூப்பிடுவதா என்று புது ஆட்கள் திண்டாடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர். ஆலையில் ஒரு பெரிய எந்திரத்தைப் பூட்டுவதற்காக, நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே வந்தவர். அவர் வந்துவிட்டார்; எந்திரம் வரவில்லை. அது துறைமுகத்தில் ஏதோ தகராறில் கிடந்தது. வேலையில்லாத துரை, ஆலையிலேயே மின்விசிறி ஒழுங்காகச் சுற்றிய ஒரே இடமான ஸ்டோர் ரூமில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஊரிலிருந்த அவருடைய அத்தை, மருமகன் செய்தி தெரியாமல் வாடக்கூடாதென்று பழைய பேப்பர்களைக் கட்டாகக் கட்டிக் கப்பல் தபாலில் அனுப்புவாள். துரை அதில் குதிரைப் பந்தயப் பக்கத்தை மட்டும் படிப்பார். பொழுது போகாமல் ஸ்டோர் கீப்பருக்கும் கற்றுக் கொடுத்தார். டெர்பி என்கிற அந்த ஊர்ப் பெரிய பந்தயத்தின் பெயர் இவர்மேல் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். பிறகு எந்திரம் வந்தது, ஓடியது, துரை ஊருக்குப் போய்விட்டார். அத்தையிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பேப்பர் கட்டு அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

ஒரு கட்டில், நடக்கப்போகும் பந்தயத்தின் விவரம் இருக்கும். எந்தக் குதிரை, யார் ஓட்டுகிறான், முதுகில் எவ்வளவு எடை என்று எல்லாம் போட்டிருப்பான். யார் ஜெயித்தது என்பது அடுத்த கட்டில்தான் வரும். அடுத்த கட்டு எப்போது வரும் என்பது கப்பலுக்கும் கடலுக்கும்தான் தெரியும்.

"சார், இந்தப் பந்தயம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆயிருக்குமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது அவங்களுக்கு. அரியலூருக்கு இன்னும் ஓடல தம்பி. குறுக்க பேசாதீங்க, இப்பதான் குதிரைக்குச் சேணம் கட்டிக்கிட்டு இருக்கானுங்க."

லாட்ஜ் ரேடியோவைத் திருகினால் லண்டன் கிடைக்கும்தான். ஆனால் சிலோன் பாட்டை நிறுத்திவிட்டுக் குதிரை முடிவு கேட்க எவன் விடுவான்? விட்டிருந்தாலும் டெர்பி சார் கேட்டிருக்கமாட்டார். அது பரீட்சைக்கு முன்னால் கேள்வித்தாளைப் பார்ப்பது மாதிரி என்பார். ஒரு குதிரை மேலும் அவர் ஒரு பைசா கட்டியதில்லை. பணம் கட்டினால் மூளை வேலை செய்யாது என்பது அவர் கட்சி.

அவர் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்ல வேண்டும். அந்த ஊர்ப் பந்தயங்களில் ஒரு வகை உண்டு. முன்பு நன்றாக ஓடிய குதிரைக்கு முதுகில் அதிக எடையைக் கட்டிவிடுவார்கள். சுமாராக ஓடியதற்குக் குறைந்த எடை. எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரவேண்டும் என்கிற நல்ல எண்ணம். இதைத் துரை சொல்லிக் கொடுத்த அன்று டெர்பி சார் கொதித்துப் போய்விட்டாராம். என்னிடம் சொல்லும்போதும் சூடு ஆறவில்லை.

"நல்லா ஓடுறவன் முதுகுலதான் மூட்டையக் கூட்டுவானுங்களாம் தம்பி! நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கு!"

அன்றிலிருந்து எந்தப் பந்தயமானாலும் அதிகச் சுமை சுமக்கிற குதிரைதான் அவர் குதிரை. இங்கிலாந்துக்காரன் எடையை 'ஸ்டோன்' என்று கல் கணக்கில் போடுவான். டெர்பி சார் அதைச் சிமெண்ட் மூட்டைக் கணக்குக்கு மாற்றிவிடுவார். "இது ஒரு மூட்டை. இது ஒரு மூட்டையும் ஒரு மரக்கால் அரிசியும். நம்மாளு ஒன்னே கால் மூட்டை. பாருங்க, என்ன நெஞ்சுரம்!" என்பார். பேப்பரில் அச்சான மங்கலான படத்தில் நெஞ்சும் தெரியாது, உரமும் தெரியாது; நாலு கால் இருப்பதே சந்தேகமாக இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில், தரை சொதசொதவென்று இருக்கும்போது ஒன்றே கால் மூட்டைக் குதிரை எப்படி ஓடும் என்று நேரில் பார்த்துவிடத் துணிந்தார். பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டை விடச் சொதசொதப்பான தரை இங்கிலாந்தில் ஏது? ஸ்டேஷனில் வண்டி ஓட்டும் ஜட்கா பாயையும் அவருடைய குதிரை ராணியையும் பிடித்தார். சிமெண்டுக்கு ஜனங்கள் பெர்மிட் கையில் வைத்துக்கொண்டு நாயாய் அலைந்த காலம் அது. இவர் முறைப்படி பணம் கட்டி ஒன்றே கால் மூட்டை வாங்கி, வீடு கட்டாமல் குதிரை மேல் கட்டினார்.

"ஸார், இது லண்டன் குதிரை இல்ல. குடும்பத்தோட அஞ்சு பேரு ஏறினாலும் போவும். சிமெண்டு ஏத்தினா அல்லா சத்தியமா எனக்கே பதில் சொல்லத் தெரியாது" என்றார் பாய்.

ராணி நாலடி வைத்தது. கரிசல் மண் குளம்பைப் பிடித்துக்கொண்டது. திரும்பி டெர்பி சாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்துவிட்டது. மூட்டை சரிந்து தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் கிழிந்து கொட்டியது. மறுநாள் பார்த்தால் கட்டிக் கல்லாகக் கிடந்தது. நிலத்துக்காரர் அதை நெம்பி எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் போட்டார். அவர்கள் வீட்டில் வெகுகாலம் அதில்தான் துணி துவைத்தார்கள்.

"என்ன சார் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"ராணிக்கு வைராக்கியம் பத்தாதுன்னு தெரிஞ்சுது" என்றார், முட்டி வரை கறுப்புச் சேற்றோடு.

சரி, இவ்வளவு ஆராய்ச்சிக்குப் பலன்? எனக்குத் தெரிந்து அவர் சொன்ன குதிரை ஒன்றுகூட ஜெயித்ததில்லை. இரண்டாவது வரும், நாலாவது வரும், ஒரு தடவை ஓட்டியவனைக் கீழே தள்ளிவிட்டுத் தனியாக வந்தது. டெர்பி சார் வாயால் ஜெயம் என்று சொன்னால் விளங்காது என்று ஆலை முழுக்கப் பெயராகிவிட்டது. யூனியன் தேர்தலில் நின்ற ஒருவர் அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, "சார், நான் தோத்துருவேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, புண்ணியமாப் போவும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"ச்சே, அப்படிச் சொல்லலாமா? நீங்கதான் ஜெயிப்பீங்க. தைரியமா போங்க" என்றார் டெர்பி சார், பெருந்தன்மையாக. அந்த ஆள் பாதி வடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். தோற்றும் போனார்.

இந்த லட்சணத்தில்தான் அவர் தன் கல்யாணத்தையே ஒரு குதிரை மேல் ஏற்றினார்.

மூன்று தங்கைகளுக்கும் கல்யாணம் செய்து முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவருக்கு வயது போயிருந்தது. கடைசித் தங்கை பெரம்பலூரில் இருந்தாள். அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு கணக்கு டீச்சர் குடியிருந்தார். அவருக்கும் முப்பதைத் தாண்டியிருந்தது. கூடவே நடக்க முடியாத அம்மா. கல்யாணம் ஆனாலும் அம்மா என்னோடுதான் இருப்பார் என்று டீச்சர் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவார். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். தங்கை இந்த இருவரையும் முடிச்சுப் போடப் பார்த்தாள்.

பெண் பார்க்கப் போன டெர்பி சார், கேசரி ஆறிப் போகும்வரை குதிரையையும் மூட்டைக் கணக்கையும் பற்றியே பேசிவிட்டு வந்தார். விளங்கினாற்போலத்தான் என்று நான் நினைத்தேன். ஆனால் லாட்ஜுக்குத் திரும்பியவர் சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"முழுசாக் கேட்டாங்க தம்பி. கேட்டுட்டு ரெண்டு சந்தேகமும் கேட்டாங்க."

"அப்பறம் என்ன சார்? சரின்னு சொல்லிருங்க."

"புடிச்சிருக்கு. அதான் பயமா இருக்கு. மூனு மூட்டைய எறக்கி வெச்சு இப்பதான் மூச்சு விடுறேன். இனிமேயும் சுமந்துக்கிட்டு ஓடுவேனா, ராணி மாதிரி பாதியில உக்காந்துருவேனா? உக்காந்துட்டா அந்த அம்மா கதி?"

யோசித்து யோசித்துக் கடைசியில் அவர் வந்து நின்ற இடம் இதுதான். அப்போது வந்திருந்த பேப்பர் கட்டில் ஒரு பெரிய பந்தயம். பிரவுன் ட்ரங்க் என்று ஒரு குதிரை. ஒன்றே கால் மூட்டை. அது ஜெயித்தால் கல்யாணம். தோற்றால் இல்லை.

செய்தி கேட்ட தங்கை, பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து லாட்ஜ் வாசலில் நின்று என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏந் தம்பி, நீங்கள்லாம் பக்கத்துல இருந்தும் கேக்க மாட்டீங்களா? எங்க அண்ணன் கல்யாணத்த எந்தூர்க் குதிரை முடிவு பண்றது?"

டெர்பி சார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "முடிவு எப்பவோ ஆயிருச்சும்மா. கப்பல்ல வந்துக்கிட்டிருக்கு."

கப்பல் வரவில்லை. வழக்கமாக வருகிற நாள் கடந்தது. தபால்காரர் தூரத்தில் தெரிந்தாலே ஸ்டோரில் நட்டு போல்ட்டு எண்ணுவது நின்றுவிடும். பாய், ஸ்டேஷனுக்கு வரும் ஒவ்வொரு ரயிலிலும் தபால் மூட்டை இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். "இன்ஷா அல்லா, நாளைக்கு ஸார்." துரையின் அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாளோ என்று எனக்குக் கவலை. முன்பின் தெரியாத அந்தக் கிழவி நன்றாக இருக்கவேண்டும் என்று கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டேன். எதற்கு வேண்டுகிறேன் என்று பெருமாளுக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒரு வழியாகக் கட்டு வந்தது. டெர்பி சார் பிரித்தார். படித்தார். மடித்து என்னிடம் நீட்டினார்.

"ரெண்டாவது. ஒரு கழுத்து நீளத்துல போயிருச்சு. நீங்க போய்ச் சொல்லிட்டு வந்துருங்க தம்பி. நான் போனா அழுதுருவேன்."

அடுத்த பஸ்ஸில் பெரம்பலூர் போனேன். தங்கை வீட்டில் டீச்சரும் இருந்தார். நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்ததும் தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் கையை நீட்டிப் பேப்பரை வாங்கினார்.

"ஜெயிச்சது யாரு?"

"லேடி ரிப்பன்னு ஒன்னுங்க."

"அது எத்தன மூட்டை?"

"ஒரு மூட்டைங்க."

"நம்ம குதிரை?"

நம்ம குதிரை என்றார். எனக்குக் காதில் விழுந்தது. "ஒன்னே கால்" என்றேன்.

டீச்சர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கால் மூட்டைய கூடுதலா சுமந்துக்கிட்டு அவ்ளோ தூரம் ஓடி, ஒரு கழுத்து நீளந்தான் பிந்திருக்கு. அந்தக் கால் மூட்டைய யாராச்சும் புடிச்சிருந்தா?"

"ஜெயிச்சிருக்கும்ங்க."

"அப்பறம் எதுக்கு எழவு வூட்டுக்கு வந்த மாதிரி நிக்கறீங்க? அரியலூர் பஸ் எப்ப?"

ஸ்டோர் ரூம் வாசலில் டீச்சரைப் பார்த்ததும் டெர்பி சார் எழுந்த வேகத்தில் ஒரு டப்பா போல்ட்டு தரையெல்லாம் கொட்டி உருண்டது. அதைப் பொறுக்கக் குனிந்தவர் நிமிரவேயில்லை. அவர் தலைக்கு மேலாகத்தான் டீச்சர் பேசவேண்டியிருந்தது.

"சார், நான் ஒங்க முதுகுல ஏற வரல. எனக்கும் சம்பளம் வருது, கையும் காலும் இருக்கு. கால் மூட்டைய நான் புடிச்சுக்கறேன். ஓடுவீங்களா, மாட்டீங்களா?"

இரண்டு போல்ட்டு டப்பாவுக்குள் விழும் சத்தம் கேட்டது. பிறகு மேஜைக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

"அம்மாவுக்குப் படி ஏற முடியாதுங்களே. கீழ்க்கட்டா வூடு பாக்கணும்ங்க."

அதுதான் அவர் சரி என்று சொன்ன விதம்.

கல்லங்குறிச்சிக் கோயிலில் கல்யாணம். டீச்சரின் அம்மாவை ராணிதான் இழுத்துக்கொண்டு வந்தது, நெற்றியில் குங்குமமும் கழுத்தில் சாமந்தி மாலையுமாக. டெர்பி சாரைக் கண்டதும் அது இரண்டடி பின்வாங்கியதை நானே பார்த்தேன். கோயில் வாசலில் வண்டி நின்றதும் மாப்பிள்ளை, மாலையும் கழுத்துமாக ஓடி வந்து மாமியாரை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டார். புருவத்தில் அன்றைக்கும் கொஞ்சம் சிமெண்ட் இருந்தது.

"ஸார், எத்தன மூட்டை?" என்று கேட்டார் பாய்.

"முக்கால்தான் பாய். ஓடிருவேன்."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரர் ஒரு நொடி வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். டீச்சர் ஒரு பக்கம் அம்மாவின் காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே கூட நடந்தார். அவர்கள் மூவரும் சன்னிதிப் பக்கம் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் இதுவரை எந்தக் குதிரை மேலும் ஒரு பைசா கட்டியதில்லை. அன்றைக்கு மட்டும் யாராவது கேட்டிருந்தால், அந்த மாதச் சம்பளத்தை அப்படியே டெர்பி சார் மேல் கட்டியிருப்பேன்.