கியர் மாறியதே தெரியாத கார்

ஒரு காட்டில் நோயாளிகள் எக்கச்சக்கம், ஆஸ்பத்திரி ஒன்றே ஒன்று. அதுவும் மலைக்கு அந்தப் பக்கம். நோயாளிகளை ஏற்றிப்போக ஒரே ஒரு வண்டிக்குத்தான் அனுமதி என்று சிங்கராஜா உத்தரவு போட்டுவிட்டார். ஏன் ஒன்று என்று என்னைக் கேட்காதீர்கள். ராஜா கர்ஜித்தால் நீங்களா வந்து முன்னால் நிற்பீர்கள்?

போட்டிக்கு வந்தவர்கள் இரண்டு பேர். கார் வைத்திருந்த முயல் சம்பந்தம், லாரி வைத்திருந்த குரங்கு வேலாண்டி. இரண்டுமே கியர் தானாக மாறுகிற வண்டிகள். சம்பந்தத்தின் மனைவி பவளக்கொடிக்கு நிறைமாதம். அவளை அலுங்காமல் ஆஸ்பத்திரி சேர்க்க வேண்டுமே என்று அவன் சாமியெல்லாம் கும்பிட்டான்.

பரிசோதகர், கரடி இருளப்பன். மடியில் சட்டி நிறையத் தேனை வைத்துக்கொண்டு வண்டியில் ஏறுவார். கியர் மாறும்போது தேன் சிந்துகிறதா என்று பார்ப்பார். அந்த ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. சிந்தாத தேனை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், சிந்தியது பரிசோதகருக்கு. இந்த வழக்கத்தைக் கொண்டுவந்த மகானும் ஒரு கரடிதான்.

முதலில் கார். ஒன்றாவது கியரிலிருந்து ஆறாவது வரை வழுக்கிக்கொண்டு போனது. ஒரு சொட்டுத் தேன் சிந்தவில்லை. சம்பந்தத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்படி சார் இருக்கு?"

"கியர் மாறுச்சா இல்லையாய்யா?" என்று சிடுசிடுத்தார் கரடி.

"அஞ்சு தடவை மாறுச்சு சார்!"

"எனக்குத் தெரியலையே! 'உணர்ந்த கியர் மாற்றம் எத்தனை'ன்னு படிவத்துல கேட்டிருக்கான். நான் என்னத்த எழுத? பூஜ்யம்தான்."

அடுத்து லாரி. இரண்டாவது கியருக்கு மாறியதும் பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி தூக்கிப் போட்டது. கரடியின் மார்பெல்லாம் தேன். அடுத்ததில் மூக்கு முழுக்க. ஐந்தாவது மாற்றத்தில் சட்டி காலி.

"அடடா, என்ன வண்டிய்யா! ஒவ்வொரு கியரும் மனசுல பதியுது!" என்று முழங்கையை நக்கிக்கொண்டே முத்திரை குத்தினார்.

தேறாத வண்டி ரோட்டில் ஓடக் கூடாதாம். கார் பறிமுதல். மறுநாளிலிருந்து ஒரு நரியை ஓட்டச் சொல்லிவிட்டு, கரடி அந்தக் காரின் பின்சீட்டில் குறட்டை விட்டபடி ஆபீஸ் போய் வந்தார். அநியாயம்!

அந்த வாரமே பவளக்கொடிக்கு வலி எடுத்தது. வேறு வழி? லாரிதான்.

"மெதுவா ஓட்டுங்கண்ணே!" என்று கெஞ்சினான் சம்பந்தம்.

"நான் என்ன தம்பி பண்றது? கியர் அதுவா மாறுது!" என்றான் வேலாண்டி.

முதல் உதையில் ஒரு குட்டி பிறந்தது. இரண்டாவது உதையில் இன்னொன்று. மலை உச்சிக்குப் போவதற்குள் கியரும் முடிந்தது, பிரசவமும் முடிந்தது. ஐந்தும் சுகம்.

பவளக்கொடி மூச்சு வாங்கியபடி புருஷனைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரி வேணாம், வீட்டுக்கே போயிடலாம். ஆனா ரிவர்ஸ் மட்டும் போட வேணாம்னு அந்த அண்ணன்கிட்ட சொல்லிடுங்க!"

'ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே பிரசவம் பார்க்கும் அபூர்வ லாரி' என்று கரடி ராஜாவுக்கு அறிக்கை அனுப்பினார். வேலாண்டிக்கு மாலை போட்டார்கள். கைதட்டும் கூட்டத்தில் ஐந்து குட்டிகளையும் சுமந்துகொண்டு சம்பந்தமும் நின்றான்.

நீதி: உன் வேலையை எந்நாளும் ஒழுங்காகச் செய். பரிசோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் அந்தத் தப்பைச் செய்துவிடாதே.