ஏகாம்பரம் தவளையும் இரண்டு பாலைவனங்களும்

ஒரு காட்டில் ஏகாம்பரம் என்றொரு தவளை இருந்தது. எந்தக் காடு, எந்த ஜில்லா என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். குளம் இருந்த காடு. அது போதும்.

காட்டுக்கு ராஜா சிங்கம். அவர் பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் குலுக்கல் நடக்கும். குடிகளின் பெயரையெல்லாம் ஒரு பானையில் போட்டு ஒன்றை எடுப்பார்கள். அந்த வருஷம் பரிசு, பாலைவனச் சுற்றுலா. எல்லாம் இலவசம். பானையிலிருந்து வந்த பெயர் ஏகாம்பரம்.

குளமே கைதட்டியது. ஏகாம்பரம் தண்ணீருக்குள் முங்கியது. தோல் காய்ந்தால் தவளைக்கு உயிர் இல்லை. இது ஏகாம்பரத்துக்குத் தெரியும். பரிசு கொடுத்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

மறுநாள் தூறலில் நனைந்துகொண்டே சுற்றுலா அலுவலக வரிசையில் நின்றது. ஜன்னலுக்குள் குமாஸ்தா தேவாங்கு. ஒரு தடவை கண்ணை மூடித் திறக்கவே அதற்கு நாலு நிமிஷம்.

"ஐயா, எனக்குச் சுற்றுலா வேண்டாங்க."

தேவாங்கு படிவத்தைத் திருப்பிக் காட்டியது. இரண்டு கட்டங்கள். ஒன்று மணல் பாலைவனம், மற்றது உப்புப் பாலைவனம். கீழே, 'ஏதேனும் ஒன்றில் மட்டும் டிக் செய்யவும்.'

"வேண்டாம்னு ஒரு கட்டம் இருக்கா பாரு."

"இல்லைங்க."

"இல்லாததைக் கேட்டா நான் எங்க போவேன்?"

"ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடறேங்க."

"போன வருஷம் முயல் எழுதிக் குடுத்துது. ராஜா சாப்பிட்டுக்கிட்டே படிச்சார்."

"என்ன சொன்னாருங்க?"

"முயல் நல்லா இருந்துதுன்னார்."

ஏகாம்பரம் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கை நீட்டியது.

"மூணு நாள் டைம். யோசிச்சுட்டு வா. பேனாவும் படிவமும் வெளிய குடுக்க மாட்டோம். இங்கதான் டிக் பண்ணணும். ஒருத்தருக்கு ஒரு படிவம்தான்" என்றது தேவாங்கு.

வீட்டில் மனைவி சகுந்தலா இரண்டு விளம்பரத் தாள்களையும் அல்லி இலைமேல் விரித்து வைத்திருந்தது.

"மணல்ல ஒட்டகச் சவாரி உண்டாங்க."

"மணல்ல விட்டா நான் வத்தல், சகுந்தலா."

"அப்போ உப்புக்குப் போங்க. வெள்ளை வெளேர்னு இருக்குமாம். போட்டோ நல்லா விழும்."

"உப்புல விட்டா கருவாடு."

"எதுக்கெடுத்தாலும் ஒரு நொட்டை. அடுத்த பாறை வீட்டுக்காரர் எவ்வளவு தைரியமா தார் ரோட்டைத் தாண்டினார்."

"தாண்டலை. பாதியில லாரி வந்துது."

"கிளம்பினாரில்ல?"

சாயங்காலம் நண்டு மாசிலாமணி போனும் கையுமாக வந்தது.

"மாப்ளே, ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடு. மணலுக்கு நாலரை ஸ்டார். உப்புக்கு நாலு."

"ஸ்டார் போட்டது யாரு?"

"ஒட்டகம்."

"தவளை யாராவது போட்டிருக்கா?"

மாசிலாமணி கொடுக்கால் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தது. "போன தவளை எதுவும் குறை சொல்லலையே."

குளம் இரண்டு கட்சி ஆனது. மணல் கட்சி, உப்புக் கட்சி. பேச்சு முற்றி மீனும் மீனும் முகம் பார்ப்பதில்லை. போகத்தான் வேண்டுமா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. மூட்டை கட்டினார்கள். வழியனுப்பு விழா வைத்தார்கள். மாசிலாமணி பெரிய மாலையாகப் போட்டது.

"இருக்கும்போதே போட்டுடறேன், மாப்ளே."

மூன்றாம் நாள் ஏகாம்பரம் ஜன்னலில் நின்று கணக்குப் போட்டது. கருவாடு என்றால் சீக்கிரம் முடிந்துவிடும். வத்தலாக இரண்டு நாள் ஆகும். இரண்டு நாளில் ஒரு மழை வந்தாலும் வரலாம். சரி, மணல். மைப் பேனாவை எடுத்து மணல் கட்டத்தில் டிக் போட்டது. ஈரக் கை. மை இழுத்துக்கொண்டு போய் உப்புக் கட்டத்திலும் அப்பியது.

தேவாங்கு படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது.

"ரெண்டும் டிக் ஆயிருக்கு."

"கை பட்டுடுச்சுங்க. மணல்தான்."

"நீ சொல்றது எனக்கு எதுக்கு? படிவம் என்ன சொல்லுதோ அதான். விளக்கம் கேட்டு மேலிடத்துக்குப் போகும்."

மேலிடம் யானை. கோப்பு அங்கே எட்டு மாதம் தூங்கியது. பிறகு குறிப்பு வந்தது: 'மனுதாரர் ஒரே சமயத்தில் இரு பாலைவனங்களுக்கும் செல்ல விரும்புவதாகத் தெரிகிறது. நேரில் வந்து, வேண்டாததை அடித்துக் கையொப்பமிடவும்.'

ஏகாம்பரம் குறிப்பைப் படித்தது. தன் ஈரக் கையைப் பார்த்தது. பிறகு குளத்தில் குதித்து, அடிவரைக்கும் போய், நன்றாக ஊறி, சொட்டச் சொட்ட அலுவலகத்துக்குக் கிளம்பியது.

அடித்தது. இரண்டு கட்டமும் அடிபட்டன. படிவத்தில் யானை போட்டிருந்த கையெழுத்தில் பாதி கரைந்து ஓடியது. இப்போது அந்தக் கையெழுத்து யானையுடையதுதானா என்று ஊர்ஜிதம் செய்ய வேண்டும். கோப்பு மறுபடி மேலே போனது.

அடுத்த குலுக்கலில் மாசிலாமணிக்குப் பரிசு விழுந்தது. கரையில் வெயில் காய்ந்துவிட்டு வந்த கொடுக்கு. ஒரே இழுப்பில் சுத்தமான டிக். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு படிவத்தைப் பார்த்ததில்லை என்று அலுவலகமே எழுந்து நின்று பாராட்டியது. அன்றைக்கே அனுப்பி வைத்தார்கள்.

பதினோரு வருஷம் ஆயிற்று. ராஜா மாறினார். யானை மாறியது. கோப்பு தலையணை கனம் ஆனது. ஆண்டுக்கு ஒருமுறை ஏகாம்பரத்துக்கு அழைப்பு வரும். குளம் வழியனுப்பு விழா வைக்கும். சகுந்தலா மூட்டை கட்டும். ஏகாம்பரம் போய் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடும்.

ஓய்வு பெறுகிற அன்று தேவாங்குக்கே பொறுக்கவில்லை.

"ஒரு தடவையாவது ஒரு துண்டு எடுத்துட்டு வரக் கூடாதாய்யா?"

"தவளைக்கு ஏதுங்க துண்டு" என்றது ஏகாம்பரம்.

நீதி: அரசாங்க அலுவலகத்துக்குப் போகிறவர்கள் குளித்துவிட்டுப் போகவும். துவட்ட வேண்டாம்.