கார்பனிடம் டைப் அடித்த பயோடேட்டா

எமனுக்குப் பயப்படாத ஆட்களைக் காஞ்சிபுரத்தில் பார்த்திருக்கிறேன். கார்பனுக்குப் பயப்படாமல் வேலை தேடிய ஒருவனைக்கூடப் பார்த்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கம். பெரிய காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், சைக்கிள் கடைக்கும் சோடாக் கடைக்கும் நடுவே டைப்ரைட்டரும் தானுமாக உட்கார்ந்திருப்பார் கார்பன். கார்பன் தாள் பட்டுப் பட்டுப் பத்து விரல்களும் நீலம். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைக் கேட்கும் துணிச்சல் எவனுக்கும் வரவில்லை. அவர் அடித்துக் கொடுத்த பயோடேட்டாவுக்கு இன்டர்வியூ நிச்சயம் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அவர் அடித்துக் கொடுக்க வேண்டுமே! நீங்கள் எழுதிக்கொண்டு போகும் ஒவ்வொரு வரியையும் அங்கேயே நிரூபித்தாக வேண்டும்.

"நீச்சல் தெரியும்" என்று எழுதிய ஒருவனைச் சட்டைக் காலரைப் பிடித்து சர்வதீர்த்தக் குளத்துக்கே நடத்திக்கொண்டு போனார். "நான் ஆத்துலதான் சார் நீஞ்சுவேன். பாலாத்துல தண்ணி வரட்டும், காட்டறேன்" என்றான் அவன். பார்க்கும்போதெல்லாம் "தண்ணி வந்துச்சாபா?" என்று கேட்டுக் கேட்டே அவனை அந்தத் தெருப் பக்கமே வராமல் செய்துவிட்டார். "இனிய குரல்" என்று எழுதியவன் பஸ் நிலைய இரைச்சலுக்கு நடுவே பாட ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டான்.

நான் பி.யூ.சி. முடித்து இரண்டு வருஷம். முப்பது மனுவுக்கு மேல் போட்டும் ஒரு பதில் இல்லை. அம்மா தபால்காரர் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்தியிருந்தாள். ஒருநாள் கார்பன் எதிரில் போய் நின்றேன்.

தாளை வாங்கினார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"தெலுங்கு நல்லாத் தெரியும்னு போட்டுக்கிறியே, நெசமா?"

"பக்கத்து வூட்டுல தெலுங்குக்காரங்க சார்."

"எங்க பக்கத்து வூட்டுல எருமை இருக்குது. எனக்குப் பால் சுரக்குதா?"

சோடாக் கடைக்காரர் தெலுங்கு பேசுகிறவர். கார்பன் கண்ணைக் காட்ட, அவர் என்னிடம் ஏதோ கேட்டார். ஆமாம் என்ற அர்த்தத்தில் "அவுனு" என்றேன்.

"உன் பேரு இன்னான்னு கேட்டாருபா" என்று சொல்லிக் கார்பன் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். அடுத்து "கடின உழைப்பாளி" போயிற்று. "எதற்கும் அஞ்சாதவன்" போயிற்று. நான் நின்ற நிலையே போதுமான சாட்சி. மிஞ்சியது பெயரும் விலாசமும் படிப்பும்தான்.

"நேத்து காலைலேர்ந்து இன்னா பண்ணே? பொய் சொல்லாம சொல்லு."

"சும்மா பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு இருந்தேன் சார். கோயிலுக்கு வந்தவங்க எந்த பஸ்சு, எத்தினி மணிக்குன்னு கேட்டாங்க. சொன்னேன்."

தாளில் தட்டிக்கொண்டிருந்த நீல விரல்கள் நின்றன.

"திருப்புட்குழி பெருமாளைச் சேவிச்சிட்டு மத்தியானத்துக்குள்ள உத்திரமேரூர் போவணும். எப்டிப் போவ?"

"ஏழே கால் வேலூர் வண்டில போயி பாலுசெட்டி சத்திரத்துல எறங்கணும் சார். பத்து மணிக்குள்ள திரும்பிட்டா, பத்தரைக்கு உத்திரமேரூர் வண்டி நிக்குது."

இன்னும் எட்டு ஊர்கள் கேட்டார். எட்டுக்கும் சொன்னேன்.

"இத்த ஏன்டா எழுதல?"

"இதெல்லாம் ஒரு தகுதியா சார்?"

புதுத் தாளைச் செருகி டைப் அடித்துத் தள்ளினார். முதல் வரி: காஞ்சிபுரத்திலிருந்து புறப்படும் எல்லாப் பேருந்துகளின் நேரமும் மனப்பாடம். பக்கத்திலேயே, "சோதித்துப் பார்க்கலாம்." அந்த இரண்டு சொற்களைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சில்லிட்டது.

வேலூரில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு அதை அனுப்ப வைத்தார். மூன்றாவது வாரமே இன்டர்வியூ கார்டு வந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து "செய்யாறு ஒம்பது அஞ்சு, ஆரணி ஒம்பது இருவது" என்று முணுமுணுத்த என்னைப் பார்த்து, காற்றுக் கருப்பு அடித்துவிட்டதென்று அம்மா விபூதி வாங்கி வந்தாள்.

போகிற நாள் காலையில் பஸ் ஏறப் போனேன். மூச்சிரைக்கக் கார்பன் ஓடி வந்தார்.

"அரக்கோணம் வண்டிய அஞ்சு நிமிசம் தள்ளிட்டான்பா! செய்யாறு வண்டி ரெண்டு மாறிப்போச்சு!"

பொழுது விடிந்ததிலிருந்து ஒவ்வொரு கண்டக்டராகக் கேட்டுக் குறித்து வைத்திருந்தார். தாளை என் கையில் திணித்துவிட்டு, திரும்பப் பிடுங்கி இன்னொரு தடவை சரிபார்த்தார். அவருக்கும் பயம் வரும் என்பதை அன்றுதான் கண்டேன். அதில் என் பயம் இரண்டு மடங்காயிற்று.

வேலூரில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் நேர அட்டவணைப் புத்தகம். மூவர் முகத்தையும் பார்த்தேன். எவரும் கார்பன் இல்லை. பயம் விலக, கேட்டதற்கெல்லாம் நேரங்கள் மளமளவென்று வந்தன. "ஒண்ணாந்தேதி வந்து சேந்துக்கோ" என்றார்கள்.

சாயங்காலம் காஞ்சிபுரத்தில் இறங்கினால், காலையில் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அன்று கடை திறக்கவேயில்லையாம்.

"சாப்ட்டியாபா?"

"சாப்ட்டேன் சார்."

"வண்டில சீட்டு கெடச்சுதா?"

"கெடச்சுது சார்."

"அங்க மழை கிழை...?"

"இல்ல சார்."

அதற்கு மேல் அவருக்குக் கேட்க வரவில்லை. எங்கேயோ பார்த்தார்.

"வேலை கெடச்சிடுச்சு சார்" என்று நானே சொன்னேன்.

"இன்னொரு தபா சொல்லுபா."

சொன்னேன். வீட்டில் அம்மா காத்துக்கொண்டிருப்பாள் என்று தெரிந்தும், அவர் கேட்டபோதெல்லாம் சொன்னேன்.