மூன்று வெப்பமானிகளும் நானும்

அன்பும் மரியாதையும் பழைய பயத்தில் கொஞ்சமும் கலந்து அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் சோதித்துப் பார்க்காத எதற்கும் இருபத்து நான்கு வருடமாகக் கையெழுத்துப் போடாத கை இது, திடீரென்று பொய் எழுத வரமாட்டேன் என்கிறது. அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். அவருடைய முழங்கால் இப்போது படியேற விடுகிறதா என்று கேட்டதாகவும் சொல். சரி, விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போனில், "தலைமைப் பதவி என்னடி ஆச்சு, வாயே திறக்க மாட்டேங்கிற?" என்று கேட்டாய். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் அருமையாக இருந்தது. எங்கள் சோதனைக் கூடத்தின் தலைமைப் பதவி எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் அக்கா. ஏன் என்று நீ கேட்பாய், நான் அழுவேன், நான் அழுதால் நீயும் அழுவாய், அத்தான் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார். அதனால்தான் கடிதம்.

எங்கள் வேலை உனக்குத் தெரியும். மருந்துக் கிடங்கு, ஆஸ்பத்திரி, பால் பதப்படுத்தும் இடம் என்று பல திக்கிலிருந்தும் வெப்பமானிகள் வரும். அவை சொல்வது உண்மைதானா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுப்போம். அதற்காகச் சோதனை அறை எப்போதும் இருபத்து மூன்று டிகிரியில் இருக்க வேண்டும், அது தவறினால் அன்றைய வேலை அத்தனையும் செல்லாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் நடத்தும் முதல் பாடமே, "உன் உடம்பக் கேக்காத, கருவியக் கேளு" என்பதுதான். அப்படிப்பட்ட நான், நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்த அறையின் நடுவில் நின்றபடி வெந்துபோனேன். நெஞ்சில் கிளம்பிய சூடு கழுத்துக்கு ஏறி, முகத்துக்கு ஏறி, காது மடல்வரை போய் நின்றது. மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. சுவரில் இருந்த வெப்பமானியைத் துடைத்துப் பார்த்தால் இருபத்து மூன்று என்கிறது. "பொய் சொல்லுது!" என்று அதைக் கழற்றிச் சிவப்புச் சீட்டை ஒட்டிக் கழிவுப் பெட்டியில் போட்டேன். இரண்டாவது ஒன்றைக் கொண்டுவந்து மாட்டுவதற்குள் என் சூடு இறங்கிவிட்டது, ஆகவே அது நல்ல கருவி என்று பெயர் வாங்கியது. மறுநாள் அதே பத்தரைக்கு மறுபடியும் வெந்தேன், நேற்றைய நல்ல கருவி அன்றைக்குப் பொய்யன் ஆனது. வியாழக்கிழமை மூன்றாவதற்கும் அதே கதி. அறையே பழுது என்று எழுதி இரண்டு நாள் பூட்டுப் போட்டேன். ஏ.சி. மெக்கானிக்கை மூன்று முறை வரவழைத்தேன், மூன்றாவது முறை அவர் கம்பளிச் சட்டையோடு வந்து, "மேடம், இதுக்கு மேல குறைச்சா அடுத்த தடவை நான் வர மாட்டேன், பென்குயின்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தடுப்பூசிக் கிடங்கிலிருந்து மணிக்கொரு போன். சான்றிதழ் இல்லாமல் அவர்கள் குளிர்பெட்டியைத் திறக்க முடியாது, என் உத்தரவு இல்லாமல் எங்கள் கூடத்தில் ஒரு திருகாணிகூடத் திரும்பாது.

என்னோடு வேலை பார்ப்பவரைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன், ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது, புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் சேர்க்காமல் எதையும் சொல்ல மாட்டார், அதனால் அவருக்குத் தசமம் என்று பெயர். அவர் சனிக்கிழமை காலை கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்து, நான் கழித்த மூன்று வெப்பமானிகளையும் பெட்டியிலிருந்து எடுத்து, நீர்த் தொட்டியில் வரிசையாக இறக்கி, பக்கத்தில், மற்ற எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் எங்கள் ஒப்புக் கருவியையும் இறக்கினார். "மேடம், மூணும் இருபத்து மூணு புள்ளி பூஜ்யம் ரெண்டு. ஒப்புக் கருவியும் அதேதான் சொல்லுது. அப்போ இந்த ரூம்ல மாறினது வேற ஏதோ ஒண்ணு." அதைச் சொல்லிவிட்டு மனிதர் என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார். அந்த மரியாதைக்காகவே அவருக்கு ஒரு சிலை வைக்கலாம். ஆனால் எனக்கு அப்போது சிலை தோன்றவில்லை, சுத்தியல்தான் தோன்றியது. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அரை மணி நேரம் அழுதேன்.

வீட்டு நிலவரம் இதைவிட மோசம். உன் தங்கை வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவர், அதிகம் பேசாதவர், பிஸ்கட் மட்டும் சத்தமாகத் தின்பவர். ஒரு சாயங்காலம் அவர் கடித்த ஒரு பிஸ்கட்டுக்காக நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து பாவம், பிஸ்கட்டைப் பாலில் ஊறப்போட்டுத்தான் வாயில் வைக்கிறார். படுக்கையறையில் இரண்டு மின்விசிறி, திறந்த ஜன்னல், நான் போர்வையை உதறுவேன், அவர் என்னுடையதையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு குல்லாயோடு படுப்பார். விடியும்போது என் தலையணை பிழிந்தெடுக்கலாம் போல இருக்கும். பீரோ சாவியை முட்டைத் தட்டில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினேன். மகளிடம், "அந்த... சோறு போடுற... நீளமா கைப்பிடி வெச்ச..." என்று கையை ஆட்ட, அவள், "கரண்டிம்மா" என்று எடுத்துக் கொடுத்தாள். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மூளை கழன்றுகொண்டிருக்கிறது என்றே முடிவுகட்டிவிட்டேன். ஒரு நாள் நெஞ்சு படபடவென்று அடிக்க, மாரடைப்புதான் என்று அவசரப் பிரிவுக்கு ஓடினோம். எல்லாக் கம்பியையும் ஒட்டிப் பார்த்து, இதயம் பேஷாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மாதவிடாயோ ஒரு தடவை இருபது நாளில், அடுத்தது ஐம்பது நாளில். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஏழெட்டு வியாதி வந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இறுதிச் சடங்கு போதும் என்று நினைத்தேன்.

கடைசியில் தொழில்தான் கை கொடுத்தது. கருவி தப்பாகக் காட்டினால் நாங்கள் அதைத் திட்டுவதில்லை, பதிவேடு போடுவோம். நானே பழுதான கருவி என்றால் எனக்கும் ஒன்று போட வேண்டியதுதானே? தேதி, மணி, எத்தனை நிமிடம், எவ்வளவு சூடு, அதற்கு முன் என்ன குடித்தேன், எப்படித் தூங்கினேன், யார்மேல் எரிந்து விழுந்தேன் என்று ஆறு வாரம் எழுதினேன். 'யார்மேல்' என்ற கட்டத்தில் மட்டும் உன் தங்கை வீட்டுக்காரர் நாற்பத்தோரு தடவை வருகிறார். அதை வரைபடமாகப் போட்டுக்கொண்டு பெண்கள் மருத்துவரிடம் நானும் அவரும் போனோம். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, "என்கிட்ட இப்படி யாரும் எழுதிட்டு வந்ததே இல்ல. உங்களுக்கு ஏழெட்டு வியாதி இல்லம்மா, ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் வியாதி இல்ல" என்றார்.

பெரிமெனோபாஸ் என்று பெயராம். மாதவிடாய் நிற்பதற்குச் சில வருடம் முன்னாலேயே உடம்பில் ஹார்மோன் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும், அந்த ஆட்டத்தில்தான் சூடு, படபடப்பு, மறதி, அழுகை, தோள்வலி, தூக்கமின்மை எல்லாம். "அப்போ என் மூளை?" என்றேன். "கழண்டு போகல. சரியாத் தூங்காத மூளைக்குக் கரண்டி எப்படி ஞாபகம் வரும்?" என்றார். ரத்த அழுத்தம் பார்த்தார், மார்பகப் பரிசோதனைக்கு அனுப்பினார், நம் குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய், ரத்தம் உறைந்து குழாய் அடைத்துக்கொள்வது இருந்ததா என்று துருவிக் கேட்டார், இதெல்லாம் இருந்தால் வேறு வழி பார்க்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே மருந்து ஒத்து வராது என்றார். எனக்கு ஒத்து வந்தது. இடுப்புக்குக் கீழே ஒட்டிக்கொள்ள ஒரு சின்ன ஹார்மோன் ஒட்டு, வாரத்துக்கு இரண்டு முறை மாற்ற வேண்டும், கருப்பைக்குப் பாதுகாப்பாகப் படுக்கும் முன் ஒரு மாத்திரை. "இன்னொண்ணு. இது கருத்தடை இல்ல. இந்த வயசுலயும் குழந்தை தங்க வாய்ப்பு இருக்கு, ஜாக்கிரதையா இருங்க" என்று சொன்னதும், அதுவரை சுவரில் மாட்டியிருந்த படத்தை ஓவிய ஆசிரியர் முறையில் ஆராய்ந்துகொண்டிருந்த நம்ம ஆள், அந்தப் படத்துக்குள்ளேயே போய்விடலாமா என்பது போல இன்னும் நெருங்கி நின்றார்.

மருந்து மட்டும் போதாது என்று வேறு சொல்லிவிட்டார். மத்தியானத்துக்கு மேல் காபி கிடையாது. (முதல் வாரம் நான் இருந்த இருப்பை எழுத இந்தக் காகிதம் தாங்காது.) எலும்புக்காக வாரத்தில் மூன்று நாள் எடை தூக்க வேண்டுமாம். உன் தங்கை இப்போது இரண்டு கையிலும் மும்மூன்று கிலோ குண்டைப் பிடித்துக்கொண்டு வரவேற்பறையில் உட்கார்ந்து எழுந்திருக்கிறாள், மகள் எண்ணுகிறாள், ஏமாற்றி ஒன்று குறைத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். கழற்றி மாட்ட வசதியாக ஒன்றின்மேல் ஒன்றாக மெல்லிய பருத்தித் துணி. ஒரே நேரத்துக்குப் படுக்கை. மூன்றாவது வாரம்வரை ஒரு மாற்றமும் இல்லை, டாக்டரையும் கழிவுப் பெட்டியில் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஐந்தாவது வாரம் ஒரு காலை, விடிந்து வெளிச்சம் வந்த பிறகு கண் விழித்தேன். தலையணை உலர்ந்திருந்தது. பக்கத்தில் குல்லாய் இல்லாமல் ஒரு மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார். எத்தனை நாள் ஆயிற்று அக்கா, அவர் தலைமுடியைப் பார்த்து!

இதையெல்லாம் எழுதும்போது உன் நினைப்புதான். நாலு வருடத்துக்கு முன்னால், உனக்குத் தலைமையாசிரியைப் பதவி வரவிருந்த சமயத்தில், வீட்டில் வேலை அதிகம் என்று சொல்லி ராஜினாமா கொடுத்தாயே. உன் வீட்டில் அப்போது என்ன வேலை இருந்தது? அத்தான் ஒருவர், அவருடைய முழங்கால் ஒன்று. குளிர்காலத்தில் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாய், ஒரு கூட்டத்தில் பேச்சு பாதியில் மறந்துபோய் நின்றாய் என்று அத்தான் சொன்னபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். "அக்காவுக்கு இப்பல்லாம் கோபம் ஜாஸ்தி" என்று நானே சொன்னேன். நீ வேலையை விட்ட அன்று கேக் வேறு வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா. ஊரில் உள்ள வெப்பமானியை எல்லாம் சோதிக்கிறவள், கூடப் பிறந்தவளுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு தடவை கேட்கவில்லை.

என் விஷயத்துக்கு வந்தால், உடம்பு தேறி வருவது உண்மைதான். ஆனாலும் நல்ல கருவி மூன்றைக் கழித்தவள், சோதனை அறையையே பூட்டியவள், நாளைக்குத் தலைமை நாற்காலியில் உட்கார்ந்து எந்த முகத்தோடு மற்றவர் வேலையைச் சரிபார்ப்பாள்? நான் அந்தப் பதவிக்கு இனிமேல் லாயக்கில்லை. இயக்குநர், "வெள்ளிக்கிழமைவரைக்கும் யோசிங்க" என்றார். யோசிக்க ஒன்றுமில்லை என்று மறுப்புக் கடிதத்தை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். மனசு நிம்மதியாக இருக்கிறது. நீ என்னைச் சமாதானப்படுத்துவதற்காகப் பஸ் ஏறி வர வேண்டாம், போன் செய்து திட்டவும் வேண்டாம்.

அத்தான் முழங்காலுக்கும், உன் தூக்கத்துக்கும், நம் இரண்டு வீட்டு நிம்மதிக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். மகள் அத்தைமார், மாமாமார் என்று எல்லோரையும் கேட்டதாகச் சொன்னாள், பெரியம்மாவை மட்டும் இரண்டு முறை கேட்டாள்.

உன் கோபத்துக்கும் பாசத்துக்கும் என்றும் கட்டுப்பட்ட,
தங்கை.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் கடைசிப் பகுதியை நம்பாதே. எங்கள் கூடத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்காமல் எதுவும் வெளியே போகாது, அந்தப் பழக்கத்தில் இதையும் ஒட்டும் முன் உன் தங்கை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். தான் நாற்பத்தோரு தடவை வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'லாயக்கில்லை' என்ற இடத்தை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் 'ஆதாரம்?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்தில், ஆதாரத்தை அவர் முகத்தில் வீசலாம் என்று பதிவேட்டை எடுத்தேன். ஒரு நாளைக்குப் பதினொரு தடவை வந்த சூடு இப்போது இரண்டு. கூடத்துக் கோப்புகளையும் பார்த்தேன், அந்த நாலு மாதத்தில் நான் கையெழுத்துப் போட்ட சான்றிதழ்களில் ஒன்றுகூடத் தப்பில்லை. லாயக்கில்லை என்பதற்கு எங்கே தேடியும் ஆதாரம் இல்லை அக்கா, பயம்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை இயக்குநர் அறைக்கு மூச்சிரைக்க ஓடினேன். "அந்தக் கடிதத்த நான் இன்னும் பிரிக்கவே இல்ல மேடம்" என்று உறையோடு நீட்டினார். அங்கேயே நின்று கிழித்தேன். ஒன்றாம் தேதியிலிருந்து உன் தங்கைதான் தலைமை.

ஆகவே நீ பஸ் ஏறி வர வேண்டும். என்னைப் பார்க்க அல்ல. உனக்கு ஐம்பத்து மூன்றுதான் ஆகிறது, பின்கதவை நீ இன்னும் திறந்து வைப்பதாக அத்தான் சொன்னார். உன்னைக் கேட்காமலே அந்த டாக்டரம்மாவிடம் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். உனக்கு எது ஒத்துவரும், எது வராது என்று அவர் பார்த்துச் சொல்வார். நாலு வருடத்துக்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டியதை அவர் கேட்பார், நீ சொல்லி முடிக்கும்வரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.