மாப்பிள்ளை அணைத்த விளக்கு

காரின் ஓட்டுநர் இருக்கையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் அவருடைய தம்பி, மடியில் திருப்புளியோடு. காருக்குப் பின்னால் ஒரு முக்காலியில், ஏழு மாத வயிற்றோடு மனைவி. கையில் காரோடு வந்த கையேடு. மாமனாரும் மாமியாரும் இன்னும் வந்து உட்காரவில்லை. அவர்கள் வருவது மறுநாள் காலையில். மாப்பிள்ளையின் கவலையெல்லாம் அதுதான்.

கார் மாமனாருடையது. மகள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறாள் என்று கேள்விப்பட்டு, போன மாதம் கொண்டுவந்து விட்டுப் போனார். "வச்சு ஓட்டிப் பாருங்க. ஒரு மாசம் கழிச்சு வந்து பார்க்கிறேன். அப்புறம் ஒரு முடிவு பண்ணலாம்" என்றார்.

அது என்ன முடிவு என்பதை மாப்பிள்ளை அன்றைக்கே ஊகித்துவிட்டார். குறையில்லாமல் வைத்திருந்தால் கார் நமக்கு. குறை வைத்தால் பிள்ளை பிறக்கிற அன்றைக்கும் பஸ்தான்.

மாதம் முழுக்கக் காரைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். மாமனார் வருகிறாரே என்று, அந்த ஒரு மாதமும் மழையே பார்க்காத காரை அன்று ரப்பர் குழாயால் பீய்ச்சிக் குளிப்பாட்டினார். குளித்து முடித்த காரில் சாவியைப் போட்டு, இரண்டடி நகர்த்தி நிறுத்தினார். வேகமுள்ளுக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. ஒரு பல்பின் படம். அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி.

"ஏதோ பல்பு போயிருக்குன்னு சொல்லுது" என்றார்.

"பிரேக்கை மிதிங்க" என்றாள் மனைவி. மிதித்தார். "இடது பக்கம் எரியுது. வலது பக்கம் தூங்குது."

தம்பி செல்போன் கடையில் வேலை பார்ப்பவன். உலகத்தில் எந்தப் பொருள் கெட்டாலும் தன் கடைக்குத்தான் வந்தாக வேண்டும் என்பது அவன் கொள்கை. "பழைய பல்பையே எதுக்குண்ணே வாங்கணும்? எல்.இ.டி. போட்டா ஆயுசுக்கும் போகாது" என்றான். போய் ஒரு ஜோடி வாங்கி வந்து, இரண்டு பக்கமும் மாட்டினான்.

மாப்பிள்ளை மிதித்தார். மனைவி கையேட்டால் கண்ணை மறைத்துக்கொண்டாள். "ரெண்டும் எரியுது. எதிர் வீட்டுச் சுவரே சிவந்து போச்சு."

மஞ்சள் விளக்கு அணையவில்லை. போதாக்குறைக்கு இப்போது "டிங், டிங்" என்று மணியும் அடித்தது.

"எரியலைங்குதே."

"எரியுதுங்க. கண்ணால பார்த்துத்தானே சொல்றேன்."

"வண்டி எரியலைங்குது."

"நீங்க என்னை நம்புறீங்களா, வண்டியை நம்புறீங்களா?"

கல்யாணமானவன் யோசிக்கவே கூடாத கேள்வி அது. மாப்பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடிக்கடை. நாளெல்லாம் "இது தெளிவா தெரியுதா, அது தெரியுதா" என்று ஊரைக் கேட்டு, சொன்ன பதிலை நம்பிப் பிழைப்பவர். அவரே யோசித்துவிட்டார். காருக்குப் பின்னால் கையேடு பட்டென்று மூடிக்கொண்டது.

பிறகு அவளாகவே கூப்பிட்டாள். "பிரேக்கை விடுங்க."

"விட்டு ரொம்ப நேரமாச்சே."

"அப்படியா? இது விட்டு விட்டு மினுக்குது. எதிர் வீட்டு மாமாவைப் பார்த்துக் கண்ணடிக்கிற மாதிரி இருக்கு. அவர் இப்பத்தான் ஜன்னலைச் சாத்திட்டுப் போறார்."

மாப்பிள்ளை ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தார். அது ஹாரனை அமுக்கியது. எதிர் வீட்டு மாமா மறு ஜன்னலையும் சாத்தினார்.

மனைவி கையேட்டைப் புரட்டினாள். "இந்த வண்டிக்குக் கண்ணு கிடையாதாம். பல்பு எவ்வளவு மின்சாரம் இழுக்குதுன்னு மட்டும்தான் பார்க்குமாம். விளக்கை அணைச்ச பிறகும் நடுநடுவே கொஞ்சம் மின்சாரம் விட்டு, உயிர் இருக்கான்னு தட்டிப் பார்க்குமாம். பழைய பல்பு வயிறு முட்ட இழுக்கும். உங்க தம்பி வாங்கினது கொறிக்குது. தட்டுல சோறு குறையலைன்னா, சாப்பிட ஆளே வரலைன்னு நினைச்சுக்குது."

"அவ்வளவுதானே அண்ணி? மீதியைச் சாப்பிட ஒரு ஆளைப் போட்டா முடிஞ்சுது" என்று தம்பி மறுபடி கிளம்பினான். விரல் அளவில் ஓர் உலோகத் துண்டோடு வந்தான். "இது வெளிச்சம் தராது, ஒண்ணும் பண்ணாது. சும்மா உட்கார்ந்து மின்சாரம் சாப்பிடும்."

"அந்த மாதிரி நம்ம வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரே" என்றாள் அண்ணி.

தம்பி காதில் போட்டுக்கொள்ளவில்லை. துண்டை வயரோடு சேர்த்து முறுக்கி, டிக்கியின் உள்துணிமேல் டேப் போட்டு ஒட்டினான். மாப்பிள்ளை மிதித்தார். மஞ்சள் விளக்கு அணைந்தது. மணியும் ஓய்ந்தது.

"அப்படியே மிதிச்சுக்கிட்டே இருண்ணே. உறுதியாகட்டும்."

காலை எடுத்தால் அதிர்ஷ்டம் போய்விடுமோ என்று மாப்பிள்ளை அழுத்தியே வைத்திருந்தார்.

"ஏங்க," என்றாள் மனைவி மெதுவாக. "டிக்கிக்குள்ள யாராவது இஸ்திரி போடுறாங்களா?"

சாப்பிட்ட மின்சாரமெல்லாம் சூடாகத்தானே வெளியே வர வேண்டும். உள்துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, சுற்றிலும் புகை. தம்பி குழாயைத் திருகி டிக்கிக்குள்ளேயே பீய்ச்சினான். புகை நின்றது, துண்டு மின்சாரம் சாப்பிடுவதும் நின்றது. மஞ்சள் விளக்கு எரிந்தது. மணி அடித்தது.

"போச்சு. பஸ்தான்" என்றார் மாப்பிள்ளை.

"நகருங்க ரெண்டு பேரும்" என்று மனைவி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் கழற்றிப் போட்ட பழைய பல்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இது போகவே இல்லைங்க. உள்ளே கம்பி முழுசா இருக்கு."

பல்பு உட்காரும் குழியை எட்டிப் பார்த்தாள். பச்சைப் பசேலென்று களிம்பு. சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் மக்கிப்போய், கழுவிய தண்ணீர் உள்ளே தேங்கி நின்றது. நகம் தேய்க்கும் அரத்தால் களிம்பைச் சுரண்டினாள். தலைமுடி உலர்த்தும் கருவியைப் பிடித்துக் காய வைத்தாள். பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு வளையம் வெட்டி ரப்பருக்குப் பதில் பொருத்தினாள். உலோகத் துண்டைப் பிடுங்கித் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு, பழைய பல்புகளையே மாட்டினாள்.

மாப்பிள்ளை சாவியைத் திருப்பினார். மஞ்சள் விளக்கு எரிந்தது. அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"பிரேக்கை மிதிச்சீங்களா?"

"அதுதான் எரியுதே, மிதிச்சு என்ன ஆகப் போகுது?"

"புத்தகத்துல போட்டிருக்கு. ஒரு தடவை போச்சுன்னு முடிவு பண்ணிட்டா, சும்மா தட்டிப் பார்த்தது போதாதாம்; பிரேக்கை மிதிச்சு பல்பு முழுசா இழுக்கும்போதுதான் சரியாயிடுச்சுன்னு ஒத்துக்குமாம். தானே பார்த்துத் தெரிஞ்சுக்கிற வரைக்கும் சொன்ன சொல்லை வாபஸ் வாங்காதாம்."

"உங்க அப்பா மாதிரி."

"மிதிங்க."

மிதித்தார். விளக்கு அணைந்தது.

மறுநாள் காலை, ஓட்டுநர் இருக்கையில் மாமனார். பின் இருக்கையில் மாமியார். மாமனார் சாவியைத் திருப்பி, பிரேக்கை மிதித்து, வேகமுள்ளையும் அதன் அக்கம்பக்கத்தையும் நெடுநேரம் பார்த்தார்.

"விளக்கு எதுவும் எரியலையே."

"எரியாது மாமா" என்றார் மாப்பிள்ளை, நெஞ்சை நிமிர்த்தி.

மாமனார் இறங்கி டிக்கியைத் திறந்தார். ஓட்டையைப் பார்த்தார். "தண்ணி பட்டாலுமா?" என்றார்.

மாப்பிள்ளை வாளி வாளியாகக் கொண்டுவந்து பின்பக்கம் ஊற்றிக் காட்டினார். விளக்கு வரவில்லை. மாமனார் வாளியை வாங்கித் தானும் ஒருமுறை ஊற்றினார். போய் உட்கார்ந்து மிதித்தார். வரவில்லை. அவர் முகம் கல்யாணத்தன்றுகூட அப்படி மலர்ந்ததில்லை.

"பெரிய ஆள்தான் மாப்பிள்ளை நீங்க" என்று தோளில் தட்டினார். வீட்டுக்குள் வந்து, "ஒரு தாளும் உறையும் கொடுங்க" என்றார்.

எந்தக் காரியத்தையும் கடிதத்தில்தான் முடிப்பார் மாமனார். வாய்ப்பேச்சு காற்றோடு போகும் என்பார். மேசையில் குனிந்து நிதானமாக எழுதினார்; படித்துப் பார்த்து ஒரு கமா வைத்தார்.

"வண்டியைப் பேர் மாத்தத்தான் எழுதுறார்" என்று மாப்பிள்ளை மனைவியின் காதில் சொன்னார். கோந்து டப்பாவை ஓடிப்போய் எடுத்து வந்து, உறையைத் தானே ஒட்டி, ஓரங்களை விரலால் நீவிவிட்டார். "நானே போட்டுட்டு வந்துடறேன் மாமா. இதுக்கெல்லாம் நீங்க அலையக் கூடாது."

தெருமுனைத் தபால் பெட்டி வரைக்கும் மாமியாரும் காலாற நடந்து வந்தார். மாப்பிள்ளை கடிதத்தை உள்ளே போட்டு, அது அடியில் விழுந்த சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

மாமியார் அவரை வாஞ்சையோடு பார்த்தார். "நாலு வருஷமா தண்ணி பட்டாலே எரியற அந்த விளக்கை எந்த மெக்கானிக்காலயும் அணைக்க முடியலைன்னுதான், வண்டியை உங்க தலையில கட்டிட்டுப் புதுசு வாங்க இருந்தார் மாப்ளே. இப்ப நீங்க சரி பண்ணிட்டீங்களா, புது வண்டி வேண்டாம், பழசையே வச்சுக்கிறேன்னு ஷோரூமுக்கு எழுதிட்டார்."