நாலு கிராம் குறைவு

பள்ளிவாசல்துறைக் கரையில் தராசு பிடித்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தன்னையே தராசில் ஏற்றி, முள்ளைப் பார்த்து, "குறைவு" என்று தீர்ப்புச் சொன்ன மனிதர் ஒருவர்தான். இலங்கை முழுக்கத் தேடினாலும் இன்னொருவர் அகப்படமாட்டார். அவர்தான் எங்கள் அவுன்ஸ் நானா, எங்கள் ஊர்ப் பேச்சில் அவுன்ஸ் அண்ணன்.

உம்மா வாப்பா வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. தோணிகள் மீன் இறக்கும் கொட்டிலில் நிறுப்பதுதான் தொழில். கிலோவில் உரத்துச் சொல்லிவிட்டு, அவுன்ஸில் ஒருதரம் தனக்குள் முணுமுணுத்துக்கொள்வார். தோணிக்காரர்கள் சீண்டுவார்கள்.

"நானா, இந்தப் பாரை எத்தன அவுன்ஸ்?"

"மீன் அவுன்ஸா, வெள்ளி அவுன்ஸா?"

முகத்தில் சிரிப்பு இருக்காது. வெள்ளிக்கு அவுன்ஸ் வேறு என்பது அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். முப்பத்தொரு கிராமும் கொஞ்சமும் என்று நான் ஒருநாள் சொல்லிவிட்டேன். "கொஞ்சம் எண்டு ஒரு நிறை இல்ல தம்பி. தசம் ஒண்டு" என்றார். அன்று முழுவதும் என்னோடு கதைக்கவில்லை.

நான் த்ரீவீல் ஓட்டுகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஓடினால் பிரேக்கை நினைத்துப் பயம், நிறுத்தி வைத்தால் துருவை நினைத்துப் பயம். அதனால்தானோ என்னவோ அவருடைய காசுகளைப் பற்றியும் அவரைவிட நான்தான் அதிகம் யோசித்தேன்.

காசு என்றால் கடையில் மாற்றுகிற காசு இல்லை. வெளிநாட்டு நாணயசாலைகள் வருஷத்துக்கு ஒருதரம் புதுப் படம் போட்டு அடிக்கிற சுத்த வெள்ளிக் காசு, சரியாக ஓர் அவுன்ஸ். ஒரு வருஷம் பறவை இருக்கும், ஒரு வருஷம் கப்பல் இருக்கும். கொழும்பில் ஒரு வியாபாரி கொஞ்சம் தருவித்து விற்பார். நானா வருஷத்துக்கு ஒன்று வாங்குவார். தராசுக்காரருக்கென்று ஒவ்வொரு தோணியும் கறிக்கு ஒரு மீன் கொடுப்பது எங்கள் கரையின் வழக்கம். அந்த மீனை அங்கேயே விற்றுவிட்டு வீட்டுக்குப் பருப்பு வாங்கிக்கொண்டு போவார். கடற்கரையில் பிறந்து, நாள் முழுக்க மீனைத் தூக்கிப் பிடித்து, பருப்புச் சோறு தின்று சேர்த்த காசு அது.

சேர்த்தது பெரிதில்லை, காப்பாற்றுவதுதான் பாடு. எங்கள் கடலோரக் களப்பின் சேறு நாறுகிற காலத்தில் வெள்ளி தானாகவே கறுக்கும். நானா காசுகளை பிஸ்கட் டின்னில் போட்டு, ஈரம் இழுக்கட்டும் என்று பள்ளிக்கூட வெண்கட்டிகளை அடுக்கி, அலுமாரிக்குள் வைத்திருந்தார். அவர் பெட்டி பெட்டியாக வெண்கட்டி வாங்குவதைப் பார்த்த கடைக்காரர், மனிதர் இரகசியமாக டியூசன் கொடுக்கிறார் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். முட்டை அவித்தால் வெள்ளி கறுக்கும் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் முட்டைக்குத் தடை.

"எல்லார்ட ஊட்டுலயும் கோழி முட்டையிட்டா சந்தோசம்" என்பார் அவருடைய மனைவி, எங்களுக்கு ராத்தா, அக்கா முறை. "எங்கட ஊட்டுல முட்டையிட்டா கோழிய விசாரணைக்கு எடுக்குறாரு."

ஒரு வருஷத்துக் காசின் முகத்தில் பால் சிந்தியது போல வெள்ளைப் புள்ளி விழுந்தது. நானா பஸ் ஏறி கொழும்புக்குப் போனார். அது நாணயசாலையிலேயே வருகிற புள்ளி, உலகம் முழுக்கச் சேகரிப்பவர்கள் அழுகிறார்கள், ஒன்றும் செய்ய முடியாது என்று வியாபாரி கையை விரித்தார். நானா அங்கேயே தராசு கேட்டு நிறுத்துப் பார்த்தார். திரும்பி வந்ததும் நான் பதறிக்கொண்டு கேட்டேன்.

"என்ன நானா ஆச்சு?"

"புள்ளிக்குப் பாரம் இல்ல தம்பி. நிறை சரி."

அழகுக்காகச் சேர்க்கிறவர் இல்லை அவர். எதற்காகச் சேர்க்கிறார் என்பது எனக்கு ஒரு நோன்பு மாதத்தில்தான் விளங்கியது.

எங்கள் பள்ளிவாசலில் ஒவ்வொரு நோன்புக்கும் ஸக்காத்து எனும் கடமைத் தானத்துக்குப் பட்டியல் போடுவார்கள். வசதியுள்ளவர்கள் கொடுத்ததை வைத்து, இல்லாதவர்களின் வீட்டுக்கு அரிசி மூடையும் ஒரு கடித உறையும் போகும். அவுன்ஸ் நானாவின் பெயர் அதில் இல்லாத வருஷம் கிடையாது. அந்த நோன்பில் பள்ளித் தலைவர் ஹாஜியார் என் த்ரீவீலில்தான் நானா வீட்டுக்கு மூடையை ஏற்றி வந்தார். அலுமாரிக் கதவு திறந்து கிடந்தது. ஹாஜியார் டின்னைப் பார்த்துவிட்டார்.

"நானா, இவ்வளவு வெள்ளி ஈக்கிது. நீங்க வாங்குற ஆளா, குடுக்குற ஆளா?"

நானா கதிரையிலிருந்து எழுந்து நின்றார்.

"ஒருத்தர்ட கையில ஐந்நூத்தித் தொண்ணூத்தஞ்சு கிராம் வெள்ளி ஈந்தாத்தான் ஸக்காத்துக் கடமை. என்ட கிட்ட பத்தொன்பது காசு. ஐந்நூத்தித் தொண்ணூத்தொண்டு. நாலு கிராம் குறைவு. வாங்குற ஆள்தான். அரிசிய வைங்க ஹாஜியார்."

ஹாஜியார் சிரித்துவிட்டார். நானா சிரிக்கவில்லை. ஹாஜியார் வாசலுக்கு இறங்கிய பிறகு, நானா மூடையின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "உம்மா இந்த வரிசையில நிண்டா. பிறகு நான் நிண்டேன். மவுத்தாகுறதுக்கு முந்தி ஒரு வருஷமாவது நான் ஒருத்தருக்குக் குடுக்கணும் தம்பி. ஒரே ஒரு வருஷம்."

அன்றிலிருந்து எனக்கு நித்திரை கெட்டது. இந்த மனிதர் நாலு கிராம் குறைவாகக் கண்ணை மூடிவிட்டால் என்ன செய்வது? என் கையிலிருந்த வெள்ளி மோதிரத்தைக் கழற்றி நீட்டினேன்.

"இத டின்னுக்குள்ள போடுங்க. ஆறு கிராம் வரும்."

"போடுற நகை கணக்குல சேராது. அதோட, அதுக்குள்ள எவ்வளவு செம்பெண்டு ஆருக்குத் தெரியும்? நான் தராசுல கல்லு வைக்கிற ஆள் இல்ல."

"களவு போனா?"

"போனா ஸக்காத்து இல்ல. இப்பவும் இல்லதான். என்ன நட்டம்?"

ஆகவே இருபதாவது காசு வந்தாக வேண்டும். பழைய வருஷத்துக் காசுகளுக்குச் சேகரிப்பவர்கள் கண்டபடி விலை ஏற்றுவார்கள். புதுக்காசு இறங்குகிற அன்றைக்குத்தான் வெள்ளியின் விலையோடு ஒட்டிக் கிடைக்கும். வியாபாரி வாட்ஸ்அப் குழுவில் காலை பத்து மணிக்குப் படம் போடுவார். முதலில் "எனக்கு ஒன்று" என்று எழுதுகிறவர்களுக்குக் காசு. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். எங்கள் ஊரில் சிக்னல் ஒழுங்காகப் பிடிக்கிற ஒரே இடம் ஐஸ் தொழிற்சாலையின் வெளிப்படிக்கட்டு.

முதல் வருஷம் பத்து மணிக்குத் தோணி வந்தது. ஆயிரம் சூடை மீன் வெயிலில் கிடக்க, தராசை விட்டுவிட்டு அவர் போகவில்லை. நிறுத்து முடித்து ஏறிப் பார்த்தபோது முடிந்திருந்தது. மறுவருஷம் வெள்ளி விலை அவர் சேர்த்து வைத்திருந்ததைத் தாண்டி ஓடிவிட்டது. படிக்கட்டில் உட்கார்ந்து படத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

மூன்றாம் வருஷம் நடந்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை. பத்து மணிக்குச் சரியாகப் படிக்கட்டில் நின்றார். போன் டிங் என்றது. கண்ணாடி போடாமலே "எனக்கு ஒண்டு. நான்தான் முதல் ஆள்" என்று தட்டி அனுப்பினார். அது வியாபாரியின் குழு இல்லை. பள்ளியின் ஜனாஸா அறிவித்தல் குழு. ஐஸ் தொழிற்சாலையின் பழைய காவலாளி காலமான செய்தி அப்போதுதான் அதில் வந்திருந்தது. அதற்கு நேர் கீழே, நான்தான் முதல் ஆள்.

குவைத்திலிருந்து காவலாளியின் மகன் கேட்டிருந்தான்: "என்ன ஒண்டு?"

நானா அன்று அந்த வீட்டு வாசலில் போய் நின்று எல்லோரிடமும் மாப்புக் கேட்டார். உடலைச் சுமக்கும் சந்தூக்கின் முன்பக்கத்தைப் பிடித்தவர், மையவாடிக் குழி வரைக்கும் ஒருவருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை. கொழும்பில் காசு முடிந்து வெகுநேரமாகியிருந்தது.

நாலாம் வருஷம் நான் அவரோடு படிக்கட்டில் நின்றேன். அவர் எழுத, சரியான குழுவா என்று நான் மூன்றுதரம் பார்த்தேன். மூன்றாவது தரம் பார்த்தபோது அவர் என்னை முழங்கையால் தள்ளிவிட்டு அனுப்பினார். ஏழாவது ஆள். காசு எட்டுத்தான் வந்திருந்தது. மறுநாளே பஸ்ஸில் போய் எடுத்து வந்து, கொட்டிலில் எல்லோரும் பார்க்க ஒரு சின்னத் தராசில் வைத்தார். ஒருவரும் சீண்டவில்லை. தோணிக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார்.

ஆனால் இருபது காசு வந்தது மட்டும் போதாது. அது குறையாமல் பிறைக் கணக்கில் ஒரு வருஷம் கையில் இருக்க வேண்டும். அலுமாரிக் கதவின் உட்பக்கம் வெண்கட்டியால் மாதத்துக்கு ஒரு கோடு போட்டார். ஏழாவது கோட்டில் காற்றுக்காலம் வந்தது. கடல் கொந்தளித்துத் தோணிகள் கரையில் கிடந்தன. மீன் இல்லை, நிறுவை இல்லை, கூலி இல்லை. அந்த நேரம் பார்த்து வியாபாரி நானாவுக்குப் போன் எடுத்தார். நானாவிடம் இருந்த ஒரு பழைய காசு உலகத்திலேயே குறைவாக அடித்ததாம். வாங்கிய விலையைப்போலப் பல மடங்கு தருவதற்கு ஆள் நிற்கிறாராம்.

ராத்தா கேட்டார்: "ஒண்ட வித்தா மூணு மாசம் சாப்புடலாமே?"

"ஓம். வித்தா நாலு கிராம் குறைவு."

ராத்தா மரவள்ளிக் கிழங்கை அடுப்பில் ஏற்றினார். அந்த நோன்பில் ஹாஜியார் பழக்கத்தில் மூடையை இறக்க வந்தபோது நானா வீட்டில் இல்லை. மூடையை ஏற்றி வந்தது என் த்ரீவீல்தான், வீட்டுக்குள் அரிசி இல்லை என்பது எனக்குத் தெரியும். ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"பேர வெட்டுங்க ஹாஜியார். எங்கட ஊட்டுல இப்ப குடுக்குற ஆள் ஈக்கிறாரு."

பன்னிரண்டாவது கோடு விழுந்த அன்று நானா பள்ளிக்கு ஓடினார். மௌலவி விரல் மடக்கிச் சொன்னார்: "நாப்பதுல ஒரு பங்கு. இருபது காசுக்கு அரைக் காசு. பெறுமதிய ரூபாயாக் குடுத்தாலும் சரி நானா."

"ரூபா ஈந்தா இருபத்தோராவது காசு வாங்கீப்பேனே மௌலவி."

புத்தளம் டவுனில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். என் த்ரீவீல் என்ஜின் கழன்று இரண்டு மாதமாக முற்றத்தில் கிடந்தது, அதனால் பஸ்ஸில்தான். கடைக்காரர் கத்திரியை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"பறவைப் படம் ஈக்கிது. எந்தப் பக்கத்தால வெட்ட?"

நானா காசைப் புரட்டிப் பார்த்தார். "தலைப்பக்கத்தக் குடுத்தா எனக்கு வால் மிஞ்சும், அது பரவாயில்ல. ஆனா வெட்டுன காச வாங்குறவரு என்ன நினைப்பாரு? பாதி மனசு எண்டுதானே?"

"பெறுமதி ஒண்டுதானே நானா" என்றேன்.

"வாங்குன ஆளுக்குத்தான் தெரியும் தம்பி, ஒண்டா இல்லையா எண்டு."

காசைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். கடைக்காரர் கத்திரியோடு நின்றார். பஸ்ஸில் வரும்போது காசிருந்த பையை ஒரு கையால் பொத்திக்கொண்டே இருந்தார். எனக்கு வேறு யோசனை. என் என்ஜின் கழன்றதைப் பார்த்து, அந்த மாதம் ஹாஜியார் ஸக்காத்துப் பட்டியலைத் திருத்தி எழுதியிருந்தார். வெட்டின பெயருக்குப் பதில் ஒரு புதுப் பெயர். அது என் பெயர். நானாவுக்குத் தெரியக்கூடாது என்று நான் ஹாஜியாரிடம் கெஞ்சியிருந்தேன்.

மறுநாள் காலை வாசலில் ஸலாம் கேட்டது. நானா பெருநாள் சட்டையோடு நின்றார். ஹாஜியார் சொல்லிவிட்டாரோ, முற்றத்தில் கிடந்த த்ரீவீல் சொல்லிவிட்டதோ, தெரியாது.

"உள்ளுக்கு வாங்க நானா."

வரவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். படிக்குக் கீழே, சுவரோடு ஒட்டி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வாங்க வருகிறவர்கள் நிற்கிற நிலை. கொடுக்க வருகிறவர் எப்படி நிற்பது என்று பாவம் மனிதருக்குப் பழக்கமில்லை.

"முழுசாவே கொண்டு வந்தீக்கிறேன்" என்றார்.

"அரைதானே நானா கடமை. இதைத் தந்தா பத்தொன்பது. திரும்பவும் நாலு கிராம் குறைவு."

"ஓம். போன வருஷம் குறைவில்லாம ஈந்திச்சே. அது போதும். நீ வித்துப்போட்டு என்ஜினப் பாரு."

வாங்குவதற்குக் கையை ஏந்தினேன். அதற்கு முந்தியே அவர் தன் கையை ஏந்திவிட்டார். விரித்த உள்ளங்கையின் நடுவில் காசு இருந்தது. கையைக் கவிழ்த்துப் போட அவருக்கு வரவில்லை. ஏந்திய கையை அப்படியே நீட்டிக்கொண்டு, நான் எடுக்கும்வரைக்கும் காத்திருந்தார்.

நான்தான் மேலிருந்து எடுத்தேன்.